போனில் பெற்றோர் பயிற்சி, போனைப் பிடுங்கும் மகன்: பணம் கட்டலாமா?

ஒற்றியூர்க்காரி:

திருவொற்றியூர், தேரடிப் பக்கம் குடியிருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பார்த்து ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அழுது தீர்க்கவேண்டியதை எல்லாம் தீர்த்தாயிற்று. ஆறுதல் வேண்டாம், வழி சொல்லுங்கள்.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு மையத்தில் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறோம். மெட்ரோ வந்த பிறகு தூரம் என்ன தூரம் என்பார்கள். சென்ட்ரலில் வண்டி மாறும் இடத்தில் நகரும் படிக்கட்டைக் கண்டுவிட்டால் என் மகன் அங்கேயே குடியிருப்பான். இழுத்தால் தரையில் படுத்துவிடுவான். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு அரை நாள் போகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்றும் எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே விடும்போது "இன்று நன்றாக ஒத்துழைத்தான்" என்று ஒரு வரி. எதற்கு ஒத்துழைத்தான் என்று கேட்டால் அடுத்த பிள்ளை காத்திருக்கிறது.

அந்த மையத்திலேயே இப்போது ஆன்லைனில் பெற்றோர் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். மூன்று மாதம், வாரம் ஒரு மணி நேரம். வீடியோ அழைப்பில் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, நான் மகனோடு விளையாடவேண்டும். மூன்று மாதப் பணத்தையும் முதலிலேயே கட்டவேண்டுமாம். நேரில் போவதற்கும் இதற்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை. என் கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். "வேலை நாம் செய்வதாம், பணமும் நாம் கட்டுவதாம், அவர்கள் பார்ப்பார்களாம்" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. மாமியாருக்கு வேறு கோபம்: பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று கூடவா காசு கொடுத்துக் கற்றுக்கொள்வாய் என்று.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் போன். பகலில் வீட்டில் இருப்பது என் போன் ஒன்றுதான். அதில் அவன் ரயில் வீடியோ பார்ப்பான். மாதிரி வகுப்பு என்று ஒரு முறை அழைத்தார்கள். திரையில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்ததும் இவன் விரலால் அவரை மேலே தள்ளிவிட்டு ரயிலைத் தேடினான். நான் போனை உயரத் தூக்கினால் கத்தல். அவர் அந்தப் பக்கமிருந்து, "அவனுக்குத் திரையைக் காட்டாதீர்கள் அம்மா" என்கிறார். திரைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு.

பிறகு, வீட்டில் ஒரு விளையாட்டு மூலை அமைக்கச் சொல்லி ஒரு பொம்மைப் பட்டியல் அனுப்பினார்கள். எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் சமையலறையும். மூலைகளில் ஒன்றில் பீரோ, ஒன்றில் மாமியார் கட்டில். இன்னொன்று, அவனோடு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள், பிற்பாடு பள்ளிக்கு உதவுமாம். நான் தமிழ், மாமியார் தெலுங்கு. ஆங்கிலத்தில் எனக்கு வருவது "கம், சிட், நோ". அதை வைத்து எத்தனை நேரம் பேசுவது?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இதில் பயன் உண்டா? நேரில் போவதை விட்டுவிட்டு இதில் சேரலாமா?

பெரம்பூர் அப்பா:

சகோதரி, போன் சிக்கலுக்கு மட்டும் முதலில் சொல்கிறேன், மற்றது தாய்மார்கள் சொல்வார்கள்.

நேரடி அழைப்பே வேண்டாம். அவனோடு நீங்கள் இருப்பதை ஐந்து, பத்து நிமிடம் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். அவன் தூங்கிய பிறகு பயிற்சியாளரோடு அழைப்பில் உட்கார்ந்து, இருவரும் அந்தப் படத்தைப் பார்த்துப் பேசுங்கள். நாங்கள் கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தில் சேரவேண்டிய அவசியமில்லை.

படம் எடுக்கத் தனியாக ஒரு பழைய போன் வைத்துக்கொள்ளுங்கள். பழைய போன் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் கேமரா நன்றாக இருந்தால் போதும். அதில் ஒரு வீடியோ ஆப்பும் இருக்கக்கூடாது. என் மகள் முதலில் அதையும் பிடுங்கினாள். தட்டித் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை, போட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது அது அலமாரியில் இருக்கும் இன்னொரு டப்பா அவளுக்கு.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவர் லாரி ஓட்டப் பழகியபோது ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத்தானே பணம் கொடுத்தார்? இதுவும் அப்படித்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டையும் விசாரியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தாள் வேலைதான், ஆனால் செய்து வைத்துவிட்டால் நல்லது.

மணலிக்காரி:

எல்லோரும் சேரச் சொல்வீர்கள், நான் மறுத்துச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தது முன்பே பதிவு செய்த பாடங்கள். பணம் கட்டியதும் வீடியோக்கள் திறந்துகொண்டன. ஒரு பெரிய ஹால், தரையில் கம்பளம், அலமாரி நிறைய மரப்பொம்மைகள். ஒரு தாய் மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தையோடு ஆங்கிலத்தில் கொஞ்சுகிறார். அந்தக் குழந்தை ஒரு வீடியோவில் கூட எழுந்து ஓடவில்லை. என் மகள் உட்கார்ந்தே பார்த்ததில்லை. சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்தார்கள். கேட்டால் "மூன்றாவது பாடத்தைத் திரும்பப் பாருங்கள்" என்று பதில் வரும். கடைசியில் ஒரு சான்றிதழ் வந்தது, என் பெயரில் எழுத்துப்பிழையோடு.

அதை விடுங்கள். சமைத்தாயா, துணி துவைத்தாயா, தண்ணீர் பிடித்தாயா என்ற கேள்விகளோடு "இன்று அரை மணி நேரம் விளையாடினாயா" என்று ஒரு கேள்வியும் வீட்டில் சேர்ந்துகொண்டது. பிள்ளை பேசவில்லை என்றால் இப்போது காரணம் கைவசம் இருக்கிறது: அம்மா பயிற்சியைச் சரியாகச் செய்யவில்லை. அப்பாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் நேரடிப் பயிற்சிக்கே போகிறேன். அவள் உள்ளே இருக்கும்போது வெளியே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வு. அந்தப் பெஞ்சை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிறப்பு ஆசிரியை (வண்ணாரப்பேட்டை):

மணலிக்காரி சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீடியோ விற்பதையும் பயிற்சி கொடுப்பதையும் ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் அது.

ஆய்வுகள் பேசுவது வேறொன்றை. இங்கிலாந்தில் பேக்ட் என்ற ஆய்வு 2010இல் வெளிவந்தது. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய 152 குழந்தைகள். தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு பயிற்சியாளர் அவர்களோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார். குழந்தை எந்த நொடியில் திரும்பிப் பார்த்தது, அப்போது பெரியவர் என்ன செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான் பேச்சு. குழந்தைக்குத் தனியாக யாரும் பாடம் நடத்தவில்லை. பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பேசுவது நன்றாகவே கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. ஆட்டிச அறிகுறிகளில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை, இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அதே பிள்ளைகளைச் சுமார் ஆறு ஆண்டு கழித்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவில், பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் அறிகுறிகளின் கடுமை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

நம் ஊருக்கு ஒத்துவருமா என்ற கேள்வி வரும். அதே முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். நடத்தியவர்கள் நிபுணர்கள் இல்லை, இதற்கென்று பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். அங்கும் பெற்றோர் ஈடுகொடுப்பதும் பிள்ளைகள் தொடங்குவதும் கூடின.

இவை நேரில் நடந்தவை. இணையத்தில் எப்படி என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிறிய அளவில் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பெற்றோருக்கு இணையப் பாடம் மட்டும். இன்னொரு பகுதிக்குப் பாடத்தோடு, வீடியோ அழைப்பில் பயிற்சியாளரும். இரு தரப்பும் முன்னேறின, ஆனால் ஆள் துணையோடு கற்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதல். ஆகவே ஒற்றியூர்க்காரி, உங்கள் படத்தைப் பார்த்து உங்களிடம் பேச ஒருவர் இருந்தால் பணம் கொடுக்கலாம். வெறும் பாடம் என்றால் கொடுக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இரண்டிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. 2022இல் அதை இணையப் பாடமாகவும் இலவசமாக வெளியிட்டார்கள்.

ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னதைக் காதில் வாங்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. "கம், சிட், நோ" மூன்றும் கட்டளைகள். பிள்ளையோடு பேச உங்களிடம் இருப்பது தமிழ்தான், பாட்டியிடம் இருப்பது தெலுங்குதான்.

பயிற்சி என்றதும் "என் வளர்ப்பில் குறையா" என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்பார்கள். தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, 1964இல் அதை உடைத்து எழுதினார். இங்கே சில வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

காலடிப்பேட்டை அம்மா:

ஆசிரியை படித்ததைச் சொன்னார்கள், நான் பம்படியில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஐந்து குடித்தனம் இருக்கும் வரிசை வீடு. நடு முற்றத்தில் ஓர் அடிபம்பு, காலையில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வரும்போது அடித்துப் பிடிக்கவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத என் மகன், பம்பு கிரீச்சிடும் சத்தத்துக்குப் பாயிலிருந்து எழுந்து ஓடிவருவான். பம்பு வாய்க்கு நேர் கீழே குந்தி உட்கார்ந்து, ஐந்து விரலையும் விரித்து நீட்டிக்கொள்வான். தண்ணீர் விழுந்து விரலிடுக்கில் பிரிந்து போவதைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை ஓட்டம்.

எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் பொம்மைப் பட்டியல் எதுவும் அனுப்பவில்லை. "யாரும் கூப்பிடாமல் அவன் தானாக எங்கே வந்து உட்காருகிறான்?" என்று மட்டும் கேட்டார். பம்படியில் என்றேன். அதையே படம் எடுக்கச் சொன்னார். என் தங்கை எடுத்தாள்.

இரவு அந்தப் படத்தை இருவரும் பார்த்தோம். பாதியில் நிறுத்தி, சத்தம் இல்லாமல் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். சத்தத்தோடு பார்க்கும்போது "தண்ணீர் பார், குளிர்கிறதா, அம்மாவைப் பார், தண்ணீர் சொல்" என்று ஒரே என் குரல். சத்தத்தை எடுத்ததும் பிள்ளை தெரிந்தான். நான் குடத்தை மாற்றுவதற்கு அடிப்பதை நிறுத்திய அந்தச் சின்ன இடைவெளியில், அவன் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறான். ஒரு நொடி இருக்கும். எந்தத் தெரபி அறையிலும் நான் கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பார்வை, தினமும் என் வீட்டு முற்றத்தில் வந்து போயிருக்கிறது.

பிறகு பாடம் சுலபம். கைப்பிடியை மேலே தூக்கி நிறுத்திவிடுவேன். வாயைத் திறக்கமாட்டேன். அவன் தரையைத் தட்டுவான், என் புடவையை இழுப்பான், என் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைப்பான். எது செய்தாலும் கேட்டதாகவே கணக்கு. "அடி" என்று ஒரே ஒரு சொல் சொல்லி அடிப்பேன். பார்த்தான் என்றால் உடனே அடிப்பேன், காக்க வைக்கமாட்டேன். பின்னால் குடத்தோடு நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னம்மா, பம்பு ரிப்பேரா?" என்று கீழ் வீட்டுப் பாட்டி கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் எல்லோரும் பிடித்து முடித்தபின் கடைசிக் குடத்தை எங்களுக்கு வைத்துக்கொண்டோம். மழைக்காலம் முடியும் தறுவாயில் "அ" என்றான். பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த என் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் பம்பின் முன்னால் நிறுத்தி "அடி" என்றான். என் அப்பா தன்னைத்தான் அடிக்கச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று கவனியுங்கள், இதற்காக நான் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கவில்லை. தண்ணீர் எப்படியும் பிடித்தாகவேண்டும். குளிப்பாட்டுவது, சட்டை போடுவது, தோசைக்குக் காத்திருப்பது, எல்லாவற்றிலும் இதே வேலைதான்: பேச்சைக் குறை, நிறுத்து, பார், அவன் தொடங்கியதும் பின்னால் போ. மணலிக்காரி, உங்கள் பெஞ்சை விடாதீர்கள், அது உங்களுக்கு வேண்டும். ஆனால் என் கணவர் குளிப்பாட்டும் நேரத்தையும் படம் எடுக்கச் சொல்லி பயிற்சியாளர் கேட்டார். அன்றிலிருந்து குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு. அது ஒன்றுக்கே அந்தப் பணம் தகும்.

மகனுக்கு இப்போது ஏழு வயது. நீளமாகப் பேசமாட்டான். வேண்டியதைக் கேட்பான், வேண்டாததை "வேண்டாம்" என்பான். முன்பெல்லாம் வேண்டாததற்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். ஆகவே எனக்கு அந்த "வேண்டாம்" பெரிய சொல். மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம், உறுதி தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

நேரில் போவதை நீங்கள் உடனே நிறுத்தவேண்டாம். கதவைச் சாத்தாமல் உங்களையும் உள்ளே உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் என்று சொல்லுங்கள். பயிற்சியாளரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழில் பேசுவாரா என்றும் கேளுங்கள்.

ஒற்றியூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. இன்று மையத்துக்குப் போன் செய்தேன். அழைப்பு வேண்டாம், படம் அனுப்புகிறேன் என்றதற்கு முதலில் "எங்கள் முறை அப்படி இல்லை" என்றார்கள். அப்படியானால் சேரவில்லை என்றதும் ஒரு மாதம் அப்படிப் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார்கள். தமிழ் பேசும் பயிற்சியாளர் உண்டாம், அவருக்கு ஞாயிறு மாலைதான் நேரம் இருக்கிறதாம். எங்களுக்கும் அதுவே வசதி, கணவர் வீட்டில் இருப்பார். லாரிக் கதையைச் சொன்னேன். "கற்றுக்கொடுத்தவர் நடுவில் பிரேக்கும் போட்டார்" என்றார். சரி என்றுதான் அதற்குப் பொருள்.

உள்ளே உட்காரக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறார்களாம்.

காலடிப்பேட்டை அக்கா, தானாக எங்கே வந்து உட்காருகிறான் என்று நேற்று முழுக்கப் பார்த்தேன். என்னிடம் இல்லை. மாமியார் முறத்தில் பூண்டு உரித்துவிட்டுத் தோலை ஊதுவார். தோல் பறப்பதைப் பார்க்க இவன் எங்கிருந்தாலும் ஓடிவந்து அவர் முன்னால் நிற்கிறான். தோலையும் பார்க்கிறான், ஊதும் வாயையும் பார்க்கிறான். பயிற்சி எனக்குத்தானே, மாமியாரைப் படம் எடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்வார்களா? அவர் இதற்கெல்லாம் சம்மதிப்பாரா என்பது இன்னொரு கவலை.

சிறப்பு ஆசிரியை (வண்ணாரப்பேட்டை):

முதல் படமாக அதையே எடுங்கள். பயிற்சி என்று அவரிடம் சொல்லவேண்டாம், பேரன் உங்களிடம்தான் வந்து நிற்கிறான், அதைப் படம் எடுத்து அனுப்பக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சம்மதிப்பார். ஊதுவதற்கு முன் வாயைக் குவித்தபடி கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், அவன் பார்த்ததும் ஊதட்டும். சொல்லவேண்டிய சொல்லைத் தெலுங்கிலேயே சொல்லட்டும். நீங்கள் நடுவில் பேசாதீர்கள்.

நின்றபடி மேலிருந்து எடுத்தால் இரண்டு தலைதான் தெரியும். தரையில் உட்கார்ந்து, முறத்தின் உயரத்துக்குப் போனை இறக்கி, இருவர் முகமும் பக்கவாட்டில் தெரியும்படி எடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் ஊதுவதற்கு முன்பே தோல் பறந்துவிடும்.